ஈறில் ரத்தம், விரலில் விறைப்பு

போன வாரம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வயது 43, பீடி சுற்றுகிறவர். காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. சுளகை மடியில் எடுத்து வைக்கவே பத்து மணி ஆகிவிடுகிறதாம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய், என்று உறுதி செய்த மூட்டு மருத்துவர்தான் பல் மருத்துவரான என்னிடம் அனுப்பியிருக்கிறார். "கை வலிக்குன்னு போனா பல்லைக் காட்டச் சொல்லுதாவ டாக்டரம்மா" என்றார், பாவம், ஒன்றும் புரியாமல்.

கீழ்ப்பற்களின் உள்பக்கம் முழுக்கக் கெட்டியாகப் படிந்த காரை. தொட்ட இடமெல்லாம் ரத்தம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல ஈறு. இவருக்குச் சில இடங்களில் 7. எத்தனை நாளாக ரத்தம் வருகிறது என்று கேட்டேன். "பெரியவ வயித்துல இருக்கையிலேயே வந்துச்சு." பெரியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஏன் சுத்தம் செய்துகொள்ளவில்லை? "சுத்தம் பண்ணுனா பல்லு ஆடிரும்லா?"

இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் மண்ணை அரித்துப்போன மரத்தைப் பார்த்திருப்பீர்கள். வேரைச் சுற்றிக் குப்பையும் செத்தையும் அடைந்து கிடக்கும். குப்பையை அள்ளியதாலா மரம் ஆடுகிறது? மண் போனதால் ஆடுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு பல வருடமாகக் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. காரை அதை மூடி மறைத்திருக்கிறது. எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும். அவ்வளவுதான். நாங்கள் பல்லைச் சுரண்டுவதில்லை, மேலே படிந்ததை எடுக்கிறோம். பல் ஆடுவது சுத்தம் செய்ததால் அல்ல, செய்யாமல் விட்டதால்.

சரி, மூட்டுக்கு வருவோம். ஆழமான ஈறுப் பள்ளங்களில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்றொரு பாக்டீரியா குடியிருக்கும். புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றும் நொதி அதனிடம் உண்டு. அப்படி உருமாறிய புரதத்தை அந்நியன் என்று நினைத்துச் சிலருடைய உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை தேடுவது இந்த வகை எதிர்ப்பொருளைத்தான். மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் இருக்கலாம். ஈறுநோயில் பங்குள்ள இன்னொரு பாக்டீரியாவின் நச்சும் இதே மாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2016-இல் வந்த ஆய்வு காட்டியது.

அதற்காக, ஈறில் ரத்தம் வரும் எல்லோருக்கும் முடக்குவாதம் வரும் என்று பயப்பட வேண்டாம். பரம்பரை, புகை என்று வேறு காரணங்களும் சேர வேண்டும். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுங்கள் என்றும் கேட்காதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் மூட்டுவலிக்காகப் பல் பிடுங்கிய மருத்துவர்கள் உண்டு, பலனில்லாமல் கைவிட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்தாயிற்று என்று மூட்டு மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், வந்து காட்டுங்கள். காசில்லை என்றால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். செங்கல் பொடி, கரி, புகையிலை கலந்த பற்பொடி எதுவும் வேண்டாம். வெற்றிலையோடு வைக்கும் புகையிலையும் வேண்டாம். பீடி, சிகரெட் குடிக்கிற அண்ணாச்சிமார் கவனிக்கணும்: புகை பிடித்தால் ஈறு ரத்தம் குறைவாகத்தான் வரும். "எனக்கு ரத்தமே வரலையே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வீட்டில் யாருக்காவது முடக்குவாதம் இருந்தால் நீங்கள் ஈறை அவ்வப்போது காட்டிக்கொள்வது நல்லது.

விரல் மடங்காதவர்களுக்கு பிரஷ் பிடிப்பதே பாடு. கைப்பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த அக்காவுக்கும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். கீழ்வரிசை முடிந்துவிட்டது, மேல்வரிசைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.