பேக்கலைட்: ஏகே பிடிக்குப் பொருந்தியும் பொருந்தாத பெயர்

பழைய சோவியத் ஏகேஎம் (ஏகே-47-இன் மேம்படுத்திய வடிவம்) துப்பாக்கியின் படம் ஒன்றைப் பாருங்கள். தோளில் பதியும் கட்டை மரம், முன்னால் கை தாங்கும் இடமும் மரம், விசைக்குப் பின்னால் இருக்கும் பிடி மட்டும் பழம்புளி நிறத்தில் பளபளக்கும். சேகரிப்பாளர்கள் அதை 'பேக்கலைட் பிடி' என்பார்கள். (கட்டை, பிடி எல்லாவற்றையும் சேர்த்து 'ஃபர்னிச்சர்' என்றும் சொல்வார்கள், மேசை நாற்காலி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.)

பேக்கலைட் ஒரு வணிகப் பெயர். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1863-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாந்து என்ற வேதியியலாளர், 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்த்து ஒரு பிசினை இறுக வைத்தார், தன் பெயரோடு 'ஐட்' சேர்த்துப் பெயரும் வைத்தார். எபோனைட், டைனமைட் எல்லாவற்றிலும் இருக்கும் அதே வால்தான்.

ரஷ்யர்கள் இந்தப் பெயருக்குக் காத்திருக்கவில்லை. 1910-களிலேயே கிரிகோரி பெத்ரோவும் கூட்டாளிகளும் இதே வகைப் பிசினைத் தங்கள் வழியில் செய்து 'கார்போலிட்' என்று பெயரிட்டார்கள், மாஸ்கோவுக்குக் கிழக்கே ஒரேஹோவோ-சூயெவோவில் அதற்கு ஆலையும் வந்தது. ஃபீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம், அதிலிருந்து வந்த சொல் இது. பழைய பிடி ஒன்றைச் சூடு ஏறும் வரை உள்ளங்கையால் தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் சோப்பு வாடை லேசாக வரும். என்னைக் கேட்டால் கார்போலிட்தான் நேர்மையான பெயர், பொருள் என்ன என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீட்டுப் பழைய கறுப்பு ஸ்விட்சில் இருந்த பேக்கலைட்டில் பிசினோடு பெரும்பாலும் மரத்தூள்தான் கலந்திருக்கும். ஏகேயின் செம்பழுப்புத் தோட்டாக் கூடுகளிலோ (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் மேகசின்) கண்ணாடி இழை கலந்திருக்கிறது, ரஷ்யர்கள் அந்தக் கலவையை ஏஜி-4 என்பார்கள். கூட்டின் மேல் கோடு கோடாக ஓடுவது அந்த இழைதான். பிசின் ஒரே குடும்பம் என்பதால் பேக்கலைட் என்ற பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிளாஸ்டிக் என்றால் உடனே 'நெகிழி' என்று எழுதிவிடுகிறோம், ஆனால் பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் நெகிழாது, கருகும், அவ்வளவுதான். நெகிழாத ஒன்றை நெகிழி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'இறுகுபிசின்' என்பேன்.

இது வெறும் சொல் சண்டை இல்லை, பிடியின் காலத்தைக் கணிக்கவும் உதவும். முதல் ஏகேக்களில் பிடி மரம். 1959-இல் ஏகேஎம் வந்தபின் இறுகுபிசின் பிடி பரவியது, 1974-இல் வந்த ஏகே-74-இலும் தொடர்ந்தது. 1980-களின் நடுவில் பாலிஅமைடு (நைலான் வகை) வந்தது, அது சூட்டில் இளகும், உண்மையிலேயே நெகிழி. பிடி மட்டுமல்ல, மரக்கட்டைகளும் அதற்கு மாறின. அந்த நிறத்தை ஆங்கிலத்தில் பிளம் என்கிறார்கள், நமக்கு அது நாவல்பழம். 1991-இல் ஏகே-74எம் வந்தபோது எல்லாம் கறுப்பு. ஆக, பிடி இறுகுபிசினா நெகிழியா என்று தெரிந்தாலே பாதிக் கணக்கு முடிந்தது.

பிடியில் இருக்கும் அச்சு முத்திரையையும் பாருங்கள்: முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் ஆலை, நட்சத்திரம் என்றால் தூலா ஆலை. அது ஊரைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது. அப்புறம், பிடி ஒரே ஒரு திருகில்தான் நிற்கிறது, கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது, அதனால் பிடியின் வயதைத் துப்பாக்கியின் வயதாக எழுதிவிடாதீர்கள்.