“இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்”

ஆட்டிசம் போன்ற, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மருத்துவர் நான். என் அறையில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: “இவன் அப்பனும் நாலு வயசு வரைக்கும் பேசல டாக்டர். இப்ப பேங்க்ல வேலை பாக்கலயா?” சொல்வது பெரும்பாலும் அப்பாவைப் பெற்றவர். பக்கத்தில் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். செல்போனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பெயர் வீட்டில் ஏற்கெனவே கிடைத்திருக்கும்.

அப்படி வந்த ஒரு குடும்பம். பையனுக்கு மூன்று வயது. கூப்பிட்டால் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையை இழுத்துப்போய் பாட்டில்மேல் வைக்கிறான், விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பிறரோடு பேசிப் பழகுவதைச் சிரமமாக்கும் ஆட்டிசம்தான் அவனுக்கு. புதுச்சட்டை போட்டால் கத்துகிறான் என்றார் அம்மா. அதுவரை வாய் திறக்காத அப்பா, “காலர்ல இருக்கிற லேபிளை பிரிச்சு எடுத்துட்டா போட்டுப்பான்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எனக்கும் குத்தும்.”

சொல்லிக்கொண்டே என் மேசையில் கலைந்து கிடந்த நோட்டீஸ்களை ஓரம் பிசகாமல் அடுக்கினார். உடனே அவருக்கும் ஆட்டிசம் என்று நான் முடிவுகட்டவில்லை. மேசையை அடுக்குகிறவர்களுக்கெல்லாம் ஆட்டிசம் என்றால் பாதி அலுவலகங்களைக் கிளினிக்காக மாற்ற வேண்டிவரும். ஆனால் சில இயல்புகள் குடும்பத்தில் லேசாகவும் அழுத்தமாகவும் பரவியிருப்பதுண்டு.

பாட்டி கவனித்தது சரிதான். அதிலிருந்து ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று முடிவெடுத்ததுதான் தவறு. 1977இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தபோதே ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு தெரியவந்தது. பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை இது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரலாம். வளர்ப்பால் வருவதில்லை, தடுப்பூசியாலும் இல்லை. ஒரே வீட்டில் அப்பா தட்டுத்தடுமாறிச் சமாளித்திருப்பார், மகனுக்குப் பயிற்சி இல்லாமல் முடியாது. அப்பா சமாளித்த கதையையும் கொஞ்சம் கேளுங்கள். “கல்யாண வீட்ல மேளம் அடிச்சா ஓடிருவேன் சார். திமிர்னு அடி விழும்” என்றார் இவர். பாட்டி ஒன்றும் பேசவில்லை.

அம்மாவின் மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. “இவளுக்கும் வருமா?” ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பின் பிறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்று 2024இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. ஐந்தில் நால்வருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, டாட்டா காட்டுகிறாளா, ஒன்றைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். 16 முதல் 30 மாதத்துக்குள் ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் கேட்டறியும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை வைத்துப் பார்த்துவிடலாம். பெண் குழந்தை அமைதியாக இருந்தால் ‘அடக்கமான பிள்ளை’ என்று விட்டுவிடுகிறோம், அதில்தான் கோட்டை விடுகிறோம்.

அப்புறம், காகித வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்கி வருடங்களை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து அதே குடும்பம் வந்தது. பையன் இப்போது தண்ணீர் பாட்டிலை விரலால் காட்டுகிறான். போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணமாம், பாட்டிதான் சொன்னார்: “கெட்டிமேளம் ஓயட்டும்னு அப்பனையும் புள்ளையையும் வெளியில வேப்பமரத்தடியில உக்கார வச்சுட்டேன் டாக்டர்.”