டெலிபரேஷன்: சீர்தூக்கல்

ஜனநாயகம் பற்றிய பேச்சில் 'டெலிபரேஷன்' என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு முடிவுக்கு வருமுன், அது யாரைத் தொடுகிறதோ அவர்கள் கூடி, தம் நியாயத்தைச் சொல்லி, மற்றவர் நியாயத்தையும் கேட்டு யோசிப்பது என்று பொருள். கலந்துரையாடல், கலந்தாய்வு என்று எழுதுகிறோம். பிழையில்லை. ஆனால் மூலச் சொல்லுக்குள் ஒரு தராசு இருக்கிறது. அது இவற்றில் இல்லை.

லத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. அதிலிருந்துதான் 'டெலிபராரே', மனத்தில் நிறுத்துப் பார்ப்பது. இறாத்தலுக்கு, அதாவது பவுண்டு எடைக்கு, எல்.பி. என்று எழுதுகிறோமே, அதுவும் லிப்ராவின் சுருக்கம். தேயிலைக் கொழுந்தை இறாத்தலில் நிறுத்த காலத்தைக் கண்ட தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் அவ்வளவு தூரத்து உறவில்லை.

தமிழிலும் நிறுவையில் பிறந்த சொல் உண்டு: சீர்தூக்கல். சீர் என்பதற்குப் பாரம் என்றும் பொருள். தூக்குதல் என்றால் நிறுத்தல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்கிறது 118ஆம் குறள். முதலில் தான் சமனாக நிற்க வேண்டும், அப்புறம்தான் நிறுக்க வேண்டும். அந்த வரிசை முக்கியம்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு எழுதினால் கொழுந்து பறிக்கிற அக்காமார் விடுவார்களா? "முள்ளு நிக்கட்டுங்க ஐயா" என்பார்கள். வாட்ஸ்அப்பில் அப்படிச் சொல்ல ஆளில்லை. திருவிழா வரி எவ்வளவு என்று காலையில் குழுவில் ஒரு குரல் பதிவு வரும். மத்தியானத்துக்குள் கட்டைவிரல் குறிகள் குவிந்து முடிவாகிவிடும். மலையில் நிற்கிற பெண்கள் போனைப் பார்ப்பதே பொழுது சாய்ந்துதான். கோயில் வாசலில் இரண்டு மாலை கூடிப் பேசியிருந்தால் அவர்களும் வாய் திறந்திருப்பார்கள்.

வேகம் பொய்யோடு சேர்ந்தால் இன்னும் கொடிது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது வெறுப்புச் செய்திகள் போன்களில் ஓடின. அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. முடக்குவதும் நிறுப்பதாகாது. 2019 ஜனவரியில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தியது. முள் நிற்க அது கொஞ்சமாவது நேரம் தருகிறது.

ஆகவே டெலிபரேஷனுக்குச் சீர்தூக்கல் என்றே எழுதலாம். பலர் சேர்ந்து செய்வதை அழுத்திச் சொல்லும் இடத்தில் கூடிச் சீர்தூக்கல். கலந்துரையாடல், முடிவெடுக்கத் தேவையில்லாத பேச்சுக்கு இருக்கட்டும்.