மோட்டிவேஷன்: ஊக்கமா, ஊக்குவிப்பா?

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துப் பெரிய துணிக்கடைகளில் ஓணம், கிறிஸ்துமஸ் நெருங்கினால் காலையில் பணியாளர்களை வரிசையாக நிறுத்தி மேலாளர் பேசுவார். அதற்குப் பெயர் 'மோட்டிவேஷன்'.

'மொவேரே' என்ற லத்தீன் வேர். அசைத்தல், நகர்த்தல் என்று பொருள். மோட்டாரும் அதிலிருந்து வந்ததுதான். அப்படிப் பார்த்தால் தமிழில் 'உந்துதல்' வேரோடு ஒட்டும். ஆனால் வழக்கில் நிற்பது ஊக்கம். (துணிக்கடையில் 'ஊக்கு' கேட்டால் சேலைக்குக் குத்தும் ஊக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேறு கதை.)

திருக்குறளின் 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. உடைமை என்றால் ஒருவர் தம்மிடம் வைத்திருப்பது. அதைக் காலைக் கூட்டத்தில் பங்குவைக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவர் செய்வது ஊக்குவிப்பு. மோட்டிவேஷன் என்ற ஒரே சொல் இரண்டையும் குழப்பிவிடுகிறது. தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. அதே திருக்குறளின் 476-ஆம் பாட்டு, நுனிக்கொம்பு ஏறியவர் அதையும் தாண்டி 'ஊக்கின்' உயிருக்கே முடிவு என்கிறது. மாதாமாதம் டார்கெட்டை ஏற்றுகிறவர்கள் அந்த 476-ஐயும் படிக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் இதை வேறு விதமாகப் பிரித்தார். அவர் விசாரித்தது பொறியாளர்களையும் கணக்காளர்களையும்; கடைப் பணியாளர்களை அல்ல. சம்பளம், வேலைச்சூழல், மேற்பார்வை சரியில்லாவிட்டால் மனம் கசக்கும். சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். ஊக்கம் பிறப்பது சாதிப்பு, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவற்றில். முதல் வகையை அவர் 'ஹைஜீன்' என்றார். அதைச் 'சுகாதாரக் காரணி' என்று பெயர்த்தால் கழிப்பறை நினைவுதான் வருகிறது. 'குறைநீக்கி' என்பது என் பரிந்துரை.

நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்றே விற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021-இல்தான் வந்தது. வாடிக்கையாளரை 'இரிங்க' என்று உபசரிக்கிறவருக்குத் தான் இருக்க ஓர் இடம். அது குறைநீக்கி. அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு 'ஊக்கம் தந்தோம்' என்று எழுதக் கூடாது. இன்சென்டிவுக்கு 'ஊக்கத்தொகை' நிலைத்துவிட்டது, சரி, இருக்கட்டும்.

மோட்டிவேஷன் தியரிக்கு ஊக்கக் கோட்பாடு. ஆளை மோட்டிவேட் செய்வதற்கு ஊக்குவித்தல். அந்தக் காலைக் கூட்டத்தை மட்டும் 'ஊக்கக் கூட்டம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காலைக் கூட்டம் என்றாலே போதும்.