எடை ஏறவில்லை, வயிறு ஏறியிருக்கிறது

என் சித்தப்பாவுக்கு 68 வயது. விடிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர். "பத்து வருஷமா அதே 66 கிலோதான்டா" என்பார். உண்மைதான். ஆனால் தொப்புளுக்கு மேல் கட்டிய வேட்டி இப்போது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. வேட்டிக்கு அளவு கிடையாது, அதனால் வயிறு பெருத்தது தெரியவே இல்லை.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்றி, மூச்சை விடச் சொல்லி அளந்தேன். 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80.

வயது ஏற ஏறத் தசை கரைகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. எடை மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்கு அப்படி இல்லை. கையால் கிள்ளினால் பிடிபடும் கொழுப்பு தோலுக்கு அடியில் இருப்பது, அதனால் தொல்லை குறைவு. குடலைச் சுற்றி உள்ளே படிவதுதான் வம்பு. அது கொழுப்பு அமிலங்களையும், இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியை (உள்ளுக்குள் புகையும் வீக்கத்தை) தூண்டும் பொருட்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். குடல் பக்கத்து ரத்தம் நேராக இதயத்துக்குப் போகாது, முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அத்தனையும் கல்லீரல் தலையில்தான் விழும்.

கல்லீரல் என்ன செய்யும்? வந்த கொழுப்பை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும். அது கூடினால் நல்ல கொலஸ்ட்ரால் எனும் ஹெச்.டி.எல். குறையும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகும். கூடவே, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தையும் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவதும், படிந்தது வெடித்து அடைப்பாவதும் இந்த அழற்சியோடு சேர்ந்துதான் நடக்கிறது.

சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் நார்மல், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தார். அதே தாளில் ட்ரைகிளிசரைடு 210, ஹெச்.டி.எல். 36. முன்னது 150-க்குள் இருக்க வேண்டும். பின்னது ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது.

சி.ஆர்.பி.யில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நுண்ணளவு டெஸ்டில் (hs-CRP) லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் கவலை. ஆனால் சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் எல்லாமே அதை ஏற்றிவிடும். 10-ஐத் தாண்டினால் முதலில் வேறு கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அது ஆறியபின் மறுபடி எடுக்க வேண்டும்.

இப்போது சித்தப்பா நடைக்கு அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறார். தசைக்காக. டேப் அவர் அலமாரியில்தான் இருக்கிறது.