'அணுகல்' அல்ல, பார்வையிடலும் நகலும்

"பலவீனமான சாட்சிகளின் வாக்குமூல அணுகலைக் கட்டுப்படுத்துதல்." ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த பயிற்சிக் குறிப்பு ஒன்றின் தலைப்பு இது. இந்தத் தொடரை எத்தனை இடத்தில்தான் திருத்துவது?

முதல் சொல்லே தப்பு. தமிழில் சாட்சி என்றால் ஆளையும் குறிக்கும், அவர் சொன்னதையும் குறிக்கும். 'பலவீனமான சாட்சி' என்று படிக்கிற வக்கீல், குறுக்கு விசாரணையில் நிற்காத சாட்சியம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரு குழந்தை சொல்வதோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவர் சொல்வதோ பலவீனமானதல்ல. மிரட்டலும் விசாரணையும் அவர்களை எளிதில் காயப்படுத்திவிடும், அவ்வளவுதான். 'ஊறுபடத்தக்க சாட்சி' என்றால் சரியாக இருக்கும். ஊறு என்றால் காயம், துன்பம். இதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'வல்னரபிள்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் காயம்தான்.

அடுத்தது 'அணுகல்'. இது 'ஆக்சஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போட்டது. 'ஆக்சஸ்' லத்தீனில் பக்கத்தில் போவது, அணுகுவதும் அதேதான். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்ற குறளில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. கணினிக் கோப்புக்கு அணுகல் என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீதிமன்ற வளாகத்தில் 'சாட்சியை அணுகினார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். காசு கொடுத்தோ மிரட்டியோ சாட்சியை மாற்றப் பார்த்தார்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். இப்படி ஒரு வாசகத்தைப் படித்துக் காட்டியபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "யாரு சார் அணுகுறது? என் பொண்ணையா?"

அதைவிடப் பெரிய குறை, இந்தச் சொல் இரண்டு உரிமைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. பார்ப்பது வேறு, நகல் வாங்குவது வேறு. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் அடங்கிய மெமரி கார்டு பற்றி உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்ன தீர்ப்பு முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: எதிரியும் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரும்) அவர் வக்கீலும் நிபுணரும் பார்வையிடலாம், நகல் மட்டும் கிடையாது. இதை 'அணுகல் உண்டு, அணுகல் இல்லை' என்றா எழுதுவது? பாலியல் வன்முறை வழக்கில் மாஜிஸ்திரேட் பதிவு செய்த வாக்குமூலம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 183ஆம் பிரிவு) பற்றிய 2020 தீர்ப்பும் நகலைத்தான் பேசுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் உரிய உத்தரவு போடும்வரை நகல் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு நகல் வெளியே போனால் போதும், செல்போனுக்குச் செல்போன் தாவிவிடும். அந்தப் பெண் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பார்வையிடல், நகல் மனு என்ற சொற்கள் நீதிமன்ற குமாஸ்தாக்கள் வாயில் தினமும் புழங்குபவை. மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே போய்க் காது கொடுப்பதில்லை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று அகராதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு சொல் தேவைப்படுகிற இடத்தில் இரண்டு சொல் போட்டால் என்ன குறைந்துவிடும்?

"ஊறுபடத்தக்க சாட்சிகளின் வாக்குமூலம்: யார் பார்வையிடலாம், யார் நகல் பெறலாம்" என்று தலைப்பைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.