டெரியா, லண்டன்டெரியா? பீஸ்பிளஸ் மானியம் டிஜிட்டல் முயற்சிகளிடம் கேட்பது

வட அயர்லாந்தில் இரு சமூக இளைஞர்களையும் சேர்த்துவைக்க ஒரு செயலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவுப் படிவத்தில் ஊர்ப்பெயர்களின் பட்டியல் வேண்டும். அங்கே இரண்டாவது பெரிய நகரத்தை எந்தப் பெயரில் சேர்ப்பீர்கள்? அயர்லாந்தோடு இணைய விரும்பும் கத்தோலிக்கர்களுக்கு அது டெரி. பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டண்டுகள் பலருக்கு லண்டன்டெரி. ஒன்றை மட்டும் போட்டால், உள்ளே நுழையும் முன்பே ஒரு தரப்பு விலகிவிடும்.

இப்படிப்பட்ட நுணுக்கங்கள் தெரிந்தவர்களுக்குப் பணம் கொடுக்கும் அமைதி நிதித் திட்டம்தான் பீஸ்பிளஸ் (PEACEPLUS). இந்த இரு தரப்புக்கும் இடையே நீண்ட காலம் நடந்த மோதலில், 1994-இல் ஆயுதக் குழுக்கள் போர்நிறுத்தம் அறிவித்தன. அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் முதல் 'பீஸ்' நிதியைத் தொடங்கியது. 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மோதல் அது. 1998-இல் கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கை என்ற அமைதி ஒப்பந்தத்தோடு பெருமளவு ஓய்ந்தது. நிதி மட்டும் தொடர்ந்து வந்தது. அதன் இப்போதைய சுற்றான பீஸ்பிளஸ் 2021–2027 காலத்துக்கானது, மதிப்பு 110 கோடி யூரோவுக்கு மேல். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் இந்தத் திட்டத்துக்குத் தன் பங்கைத் தருகிறது. அயர்லாந்து அரசும் வட அயர்லாந்து நிர்வாகமும் தருகின்றன. பிரெக்ஸிட் சண்டைகளுக்கு நடுவே இதை யாரும் கைவிடவில்லை என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

நிதியை நிர்வகிப்பது எஸ்இயுபிபி (SEUPB, ஐரோப்பிய ஒன்றிய சிறப்புத் திட்டங்களுக்கான அமைப்பு) என்ற எல்லை தாண்டிய அமைப்பு. புனித வெள்ளி உடன்படிக்கையின் விளைவாக உருவானது, தலைமையகம் பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்து முழுவதும், அயர்லாந்துக் குடியரசின் கேவன், டொனகால், லீட்ரிம், லவுத், மொனஹன், ஸ்லைகோ ஆகிய ஆறு எல்லை மாவட்டங்களும் திட்டப் பகுதி. பயன் அந்தப் பகுதி மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தங்கள் ஊர் வேலைக்காக இதற்கு விண்ணப்பிக்க வழியில்லை.

'டிஜிட்டல்' என்று தனிப் பெட்டி எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். ஆறு கருப்பொருள்களுக்குள் அது பரவிக் கிடக்கிறது. இணைய வசதியைக் கொண்டு சிற்றூர்களை மேம்படுத்த ஒரு பிரிவு, திறன் பயிற்சிக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, உள்ளூர்ச் சமூக அமைதிக்கு ஒன்று. எந்த வாசல் வழியாகப் போனாலும் மதிப்பீட்டாளர் கேட்பது ஒன்றுதான்: இரு தரப்பிலிருந்தும் யார் யார் வருவார்கள், எவ்வளவு நேரம் சேர்ந்திருப்பார்கள்? பத்தாயிரம் பேர் தரவிறக்கம் செய்தார்கள் என்ற கணக்கு அங்கே எடுபடாது. அதே ஆட்கள் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். பல பிரிவுகளில் பங்கேற்பாளரின் சமூகப் பின்னணியையும் பதிவு செய்யச் சொல்வார்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். கேட்காவிட்டால் ஒரே தரப்பை மட்டும் கூட்டிவைத்து 'இணைத்துவிட்டோம்' என்று அறிக்கை எழுதிவிடலாம்.

திரை வழியாகச் சந்திப்பதால் பயனே இல்லையா? இருக்கிறது. 1999-இல் தொடங்கிய 'டிசால்விங் பவுண்டரீஸ்' என்ற பள்ளித் திட்டம் எல்லைக்கு வடக்கே ஒரு வகுப்பையும் தெற்கே ஒரு வகுப்பையும் ஜோடி சேர்த்தது. செலவை ஏற்றவை இரு கல்வித் துறைகள். நடத்தியவை அல்ஸ்டர், மேனூத் பல்கலைக்கழகங்கள். ஆசிரியர்கள் முதலில் நேரில் கூடித் திட்டமிட்டார்கள். பிறகு பிள்ளைகள் வீடியோ அழைப்பிலும் இணையப் பக்கங்களிலும் ஒரே பாட வேலையைச் சேர்ந்து செய்தார்கள். பல ஜோடிகள் நேரிலும் சந்தித்தன. என் பார்வையில் அதன் உயிர்நாடி அந்த வரிசைதான்: ஆசிரியர்களுக்குள் நம்பிக்கை முதலில், கருவி அடுத்து.

வீடியோ அழைப்பில் இன்னொன்றும் உண்டு. ஆங்கில 'எச்' எழுத்தை அங்கே கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் 'ஹெய்ச்' என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் 'எய்ச்' என்பார்கள். மைக்கைத் திறந்த மறுகணமே நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். அந்தக் கணத்தைத் தாங்கி நடத்தத் தெரிந்த ஒருங்கிணைப்பாளரின் சம்பளம்தான் பட்ஜெட்டின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பட்ஜெட் விதியும் அப்படித்தான் வளைகிறது. இத்தகைய ஐரோப்பிய எல்லைதாண்டிய நிதிகளில், பணியாளர் சம்பளத்தில் 40 சதவீதம் வரை மற்ற எல்லாச் செலவுக்கும் ரசீது காட்டாமல் கோரும் முறை ஒன்று இருக்கிறது. சம்பளம் 1,00,000 யூரோ என்றால், மடிக்கணினி, சர்வர், பயணம், வாடகை எல்லாம் 40,000-க்குள். செயலியை வெளி நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தால் அந்தத் தொகையும் இந்த 40,000-க்குள்தான் அடங்க வேண்டும். பகட்டான செயலிக்கு ஆசைப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த விண்ணப்ப அழைப்பில் எந்த முறை என்பதை அதன் வழிகாட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய மானியங்களில் பொதுவாக முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும். கணக்குக் கொடுத்த பிறகே பணம் வரும். கையில் சில மாதச் சம்பளத்துக்கான தொகை இல்லாத சிறிய அமைப்புக்கு இது மூச்சுத் திணறும் விதி. அவர்களைத்தான் இந்தத் திட்டம் முதலில் தேடிப் போக வேண்டும் என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்போதைக்குச் சிறியவர்களுக்கு உள்ள நல்ல வழி, பெரிய அமைப்பு ஒன்றின் கூட்டாளியாகச் சேர்வது. அல்லது தங்கள் உள்ளாட்சியை அணுகுவது: வடக்கே 11 கவுன்சில்களும் எல்லை மாவட்டங்கள் ஆறும் ஆளுக்கொரு அமைதிச் செயல்திட்டம் வைத்திருக்கின்றன. எந்தெந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதை அவற்றின் இணையதளங்களில் பார்க்கலாம்.